வெறும் வயிறும் வலிப்பு மருந்தும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வலிப்பு நோய் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ‘மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள்’ என்று சொல்கின்றன. சரியான அறிவுரைதான். ஆனால் மாத்திரையை விழுங்கவே முடியாத நாளுக்கு என்ன வழி என்று அவை சொல்வதில்லை. குடல் ஆபரேஷன், ஓயாத வாந்தி, பக்கவாதத்தில் விழுங்கும் திறன் போவது என்று அந்த நாள் பலருக்கும் வருகிறது. கேஸ் ஷீட்டில் ‘வாய்வழி எதுவும் கூடாது’ என்று எழுதியதும் சத்து மாத்திரையோடு வலிப்பு மாத்திரையும் சேர்ந்தே நின்றுவிடுகிறது. லெவெடிரசெட்டம் என்ற வலிப்பு மருந்து உடம்பில் பாதியாகக் குறைய 6 முதல் 8 மணி நேரம் போதும். இரண்டு வேளை விட்டுப்போனால் மறுநாள் விடிவதற்குள் ரத்தத்தில் சொற்பமே மிஞ்சும். ஃபீனோபார்பிடோன் போல நாள்கணக்கில் தங்கும் மருந்து கொஞ்சம் தாங்கும், இது தாங்காது.

தேதி குறித்துச் செய்யும் ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் ஊசியே தேவைப்படாது. காலை வேளை மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரோடு போட மயக்க மருந்து டாக்டர்கள் பொதுவாக அனுமதிப்பார்கள். முந்தின நாளே கேட்டு, கேஸ் ஷீட்டில் எழுதி வாங்கிவிட வேண்டும். குடல் அடைப்போ விடாத வாந்தியோ இருப்பவருக்கு இது பொருந்தாது.

ஊசிதான் வழி என்றானால், நோயாளி சாப்பிட்டுவந்த அதே மருந்து ஊசியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ‘ஃபிட்ஸ் ஊசி’ என்று பொதுவாகச் சொல்லி, கைக்கு வந்ததைப் போடுவது பெரும் தவறு. லெவெடிரசெட்டத்தில் கணக்கு எளிது. மாத்திரை 500 மி.கி. என்றால் ஊசியும் 500 தான். 100 மி.லி. சலைனில் கலந்து 15 நிமிடத்தில் ஏற்றலாம். சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். டயாலிசிஸ் மருந்தையும் வெளியேற்றிவிடும் என்பதால் அது முடிந்தபின் கூடுதலாக ஒரு வேளை தேவைப்படும். லாகோசமைடு என்ற வலிப்பு மருந்தும் அதே அளவுதான், அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில். ஆனால் ஈ.சி.ஜி. பார்க்காமல் தொடங்கக் கூடாது, இதயத்தைத் துடிக்கவைக்கும் மின்சாரக் கடத்தலை அது தாமதப்படுத்தும்.

வால்ப்ரோயேட்டில் நாள் மொத்த அளவு மாறாது. ஆனால் ‘க்ரோனோ’ மாத்திரை மெல்லக் கரைவதால் ஒரு வேளை, இரு வேளை போதும். ஊசி அப்படித் தங்காது. மொத்தத்தை மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரம் ஏற்ற வேண்டும். வேறு மருந்து சாப்பிட்டவரை இதற்கு மாற்றுவதானால் கல்லீரல் நோயும் கர்ப்பமும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஐ.சி.யூ.வில் தொற்றுக்கு மெரோபெனம் தொடங்கினால் ரத்தத்தில் வால்ப்ரோயேட் ஒரே நாளில் சரிந்துவிடும். அளவைக் கூட்டினாலும் ஏறாது. ஆன்டிபயாடிக்கை மாற்ற வேண்டும், முடியாவிட்டால் வேறு வலிப்பு மருந்தைச் சேர்க்க வேண்டும்.

அதிக கவனம் கேட்பது ஃபெனிடாயின், பலரும் எப்டாயின் என்று அறிந்த மருந்து. அதன் ஊசிக் கரைசல் கடுமையான காரம். குளுக்கோஸ் பாட்டிலில் கலந்தால் மருந்து திரிந்து, பொடிப்பொடியாக வெள்ளைப் படிகம் மிதக்கும். சலைனில் மட்டுமே கலக்க வேண்டும். போடும் முன்னும் பின்னும் அதே லைனை (மருந்து ஏறும் குழாயை) சலைனால் அலச வேண்டும். புறங்கையின் மெல்லிய ரத்தக் குழாயில் போட்டால் சில மணி நேரத்தில் ஊசி குத்திய இடத்தைச் சுற்றி நீலமும் ஊதாவுமாகப் படர்ந்து, விரல்வரை கை வீங்குவதுண்டு. முழங்கை மடிப்புப் பக்கம் பெரிய ரத்தக் குழாய் பார்க்க வேண்டும். தசையில் போடவே கூடாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு முதல் முழு அளவு கிலோவுக்கு 20 மி.கி. வீதம் 1,200 மி.கி.; அதாவது 100 மி.கி. ஆம்பியூல் பன்னிரண்டு. நிமிடத்துக்கு 50 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்பதால் குறைந்தது 24 நிமிடம் பிடிக்கும். முதியவர், இதய நோயாளி என்றால் வேகத்தைப் பாதியாக்க வேண்டும். அவசரப்பட்டுத் தள்ளினால் பி.பி. விழும், இதயத் துடிப்பு தடுமாறும். மானிட்டர் இல்லாமல் இதை ஏற்றுவதை நான் ஏற்கவே மாட்டேன்.

கார்பமாசெபின், ஆக்ஸ்கார்பசெபின், லாமோட்ரிஜின், க்ளோபசாம் சாப்பிடுபவர்களுக்குத்தான் சங்கடம். இவற்றுக்கு நம் வார்டுகளில் ஊசி கிடையாது. குடல் வேலை செய்தால் மூக்கு டியூப் வழியே கொடுக்கலாம். கார்பமாசெபின் சிரப் டியூபில் ஒட்டும். சம அளவு தண்ணீர் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மெல்லக் கரையும் சி.ஆர். மாத்திரையைப் பொடிக்கக் கூடாது. குடலும் ஓய்வில் என்றால் லெவெடிரசெட்டம் போன்ற ஒன்றைத் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். க்ளோபசாமை சட்டென்று நிறுத்தினால் நிறுத்தியதே வலிப்பைக் கிளப்பும். அதே இனத்தைச் சேர்ந்த லோராசெபம் ஊசியால் ஈடுகட்டி, மூச்சைக் கவனிக்க வேண்டும். லாமோட்ரிஜின் ஐந்தாறு நாள் விட்டுப்போயிருந்தால் பழைய அளவில் திரும்பத் தொடங்குவது ஆபத்து. தோல் உரியும் கொடிய ஒவ்வாமை வரலாம். சிறு அளவிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும்.

ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காத வலிப்பு வேறு கணக்கு. முதலில் லோராசெபம், லைன் கிடைக்காவிட்டால் தசையில் மிடசோலம். அதற்கும் அடங்காதபோது லெவெடிரசெட்டம், ஃபாஸ்ஃபெனிடாயின் (உடம்பில் ஃபெனிடாயினாக மாறும் மருந்து), வால்ப்ரோயேட் மூன்றும் ஏறக்குறைய சம பலன் தருகின்றன, பாதிப் பேருக்கு நிற்கிறது என்று 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதில் லெவெடிரசெட்டம் கிலோவுக்கு 60 மி.கி.; 60 கிலோவுக்கு 3,600. ஒரே ஒரு 500 மி.கி. மருந்துக் குப்பியைத் தொங்கவிட்டு ‘மருந்து கேட்கவில்லை’ என்று சொல்வது நியாயமில்லை.

ஆசிரியர் வழியாக நரம்பியல் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். நோயாளியின் நோட்டுப் புத்தகத்தில் மாத்திரைப் பெயருக்குக் கீழே ‘விழுங்க முடியாவிட்டால் இன்ன ஊசி, இவ்வளவு, இத்தனை மணிக்கு ஒருமுறை’ என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். வீட்டார் மாத்திரை அட்டையையும், கடைசி வேளை போட்ட நேரத்தையும் கையோடு கொண்டுவந்தால் டியூட்டி டாக்டர் நள்ளிரவிலும் அந்த வரியைப் பார்த்தே ஊசியை எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
மருத்துவமனை மருந்தாளுநர்,
மதுரை