விலா அளவு இரண்டு எடுத்து அனுப்பு

அம்மிணிக்கு,

துணி டிசைன் வேலையை விட்டுவிட்டுப் பாடப் போகிறேன், ராஜினாமாக் கடிதம் தயார் என்று சொன்னாய். கொடுக்கும் முன் தேதியைப் பார். நீ சேர்ந்து ஐந்து வருடம் முடிய இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அது முடிந்தால்தான் கிராஜுவிட்டி, அதாவது கம்பெனி தரும் பணிக்கொடை. கணக்கு இதுதான்: கடைசி அடிப்படைச் சம்பளத்தை (பஞ்சப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, அதை வருடக் கணக்கால் பெருக்க வேண்டும். அடிப்படை 30,000 என்றால் ஐந்து வருடத்துக்கு 86,538 ரூபாய். கம்பெனி வாதாட இடம் வைக்காமல் முழுசாக முடித்துவிட்டு வா. பி.எஃப். பணம் அது பாட்டுக்குக் கிடக்கட்டும், பாட்டுக்கென்று எடுத்துவிடாதே.

கம்பெனி வேலையாக நீ வரைந்த பிரிண்டும் டெக் பேக்கும் (தைக்கும் விவரத் தாள்) 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி கம்பெனிக்குத்தான் சொந்தம். பென் டிரைவில் ஒன்றும் ஏற்றிக்கொண்டு வராதே.

இனி உனக்கென்று தைக்கும் துணி. சீசனுக்கு நாற்பது ஸ்டைல் போட்டுப் பழகிய கை, கம்பெனியின் மீடியம் சைஸ் பேட்டர்னைத்தான் முதலில் தேடும். அது உன் உடம்பு இல்லை. அந்த அளவெல்லாம் போட்டுப் பார்ப்பதற்கென்று அசையாமல் நிற்கிற ஃபிட் மாடலுக்கு வைத்தது. ஃபிட் மாடல் பாடுவதில்லை.

அதனால் டேப்பை மார்புக்குக் கீழே, கடைசி விலாவைச் சுற்றிப் பிடி. மூச்சை முழுக்க வெளியே விட்டு ஓர் அளவு, தோளைத் தூக்காமல் முழுக்க இழுத்து இன்னோர் அளவு. ஒன்றரையிலிருந்து இரண்டு அங்குலம் வித்தியாசம் வரலாம். அதை உடம்பு முழுக்கப் பரப்பினால் சட்டை தொளதொள என்று தொங்கும். பக்கவாட்டில் அக்குளிலிருந்து இடுப்பு வரை லைக்ரா கலந்து இழுபடுகிற ரிப் துணியில் ஒரு பட்டை கொடுத்தால், வித்தியாசம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். பேன்ட் இடுப்புப் பட்டிக்குப் பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக் போதும்.

கையைத் தூக்க வசதி என்று ஆர்ம்ஹோலை, அதாவது கை நுழையும் வளைவை, இறக்கி வெட்டுவார்கள். பலன் நேர் எதிர். கையைத் தூக்கினால் சட்டையே கூட ஏறி வரும். ஆர்ம்ஹோலை அரை அங்குலம் மேலே ஏற்று, ஸ்லீவ் கேப் (கைத்துணியின் மேல் வளைவு) உயரத்தைக் குறைத்து, புஜத்தில் அகலம் கொடு. முதலில் காடாத் துணியில் வெட்டி, போட்டுக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கப் பாடிப் பார். எங்கே இழுக்கிறதோ அங்கே பேனாவால் குறி.

நெருக்கமான கோடும் பொடிக் கட்டமும் கேமராவில் அலையடிக்கும். ஆர்கன்ஸா சரசரப்பதை மைக் விடாமல் பிடிக்கும். வளையலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மைக் சமாச்சாரம் உன் அப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அறைச் சுவரில் முட்டை அட்டை ஒட்டாதே, பெரிய பலன் கிடையாது. முன்பக்கச் சத்தத்தையே அதிகம் பிடிக்கிற கார்டியாய்ட் மைக்கின் முகம் உன்னைப் பார்த்து நிற்கும். உன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் பட்டுத் திரும்புகிற சத்தம் நேரே அதற்குள்தான் போகும். எனவே துணி ஸ்டாண்டை முதுகுப் பக்கம் வை. அதில் பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்து, சுவருக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளி இருக்கும்படி தொங்கவிடு. எதிரொலியின் கூர்மை குறையும். அடித்தொனியின் கும்மென்ற சத்தம் துணிக்கு அடங்காது, அதற்கு மூலையை விட்டுத் தள்ளி நிற்பதுதான் வழி. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம், நடுவே வாய்க்காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர். அதைவிட நெருங்கினால் குரல் கனத்துப் போகும். ஃபேனை நிறுத்து. பதிவு செட்டிங் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். நீ உச்சத்தில் பாடும்போது மீட்டர் மைனஸ் பத்து டெசிபெல்லைத் தாண்டக் கூடாது.

சுருதியையும் சட்டையளவு மாதிரி அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். யாரோ ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடுகிறார்கள் என்று நீயும் அதில் பாடாதே. கீழ்ப் பஞ்சமமும் மேல் மத்யமமும் தொண்டை இறுகாமல் எந்தக் கட்டையில் நிற்கிறதோ அதுதான் உன்னுடையது.

சாம்பிள் பாஸ் ஆகாமல் பல்க், அதாவது மொத்த ஆர்டர், ஓட்டமாட்டாய் அல்லவா? பாட்டுக்கும் அதே முறை. போனில் ஒரு மாதிரிப் பதிவு எடுத்து, ஒரு வாரம் கேட்காமல் வைத்து, அதற்குப் பிறகும் பிடித்திருந்தால் மிக்ஸிங்குக்குக் காசு செலவழி.

கூட வாசிக்கிறவர்களோடு யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை வெளியிடும் முன்னே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கு. நட்பில் பணப்பேச்சு கூச்சம்தான், பிறகு பேசினால் அது சண்டை. பாட்டை வெளியிடும் லேபிள் கம்பெனி ஒப்பந்தம் நீட்டினால் ராயல்டி பற்றிய வாசகத்தை இரண்டு தடவை படி. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டெழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை லேபிளுக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதினால் அது செல்லாது. அந்த ராயல்டியை வசூலித்துத் தரும் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் உறுப்பினராகப் பதிந்துகொள்.

விலா அளவு இரண்டையும் இன்று ராத்திரியே அனுப்பு. கறுப்பு ஜெர்ஸித் துணி, 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை), இரண்டரை மீட்டர் இருக்கிறது. வெட்டும் முன் சுருங்கட்டும் என்று நனைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

அம்மா
திருப்பூர்