வீட்டுக்கு எடுத்துப்போக முடியாத ஒரு பொம்மைக்காக: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சிறுபிள்ளைகள் ஒன்றுகூடி ஒரே பெரிய களிமண் சிற்பத்தைச் செய்யப் பழகும் வகுப்புக்காக உங்களிடம் உதவி கேட்டு இதை எழுதுகிறோம். களிமண் வகுப்பு என்றால் பணம் சேர்ப்பது அவ்வளவு கஷ்டமில்லை. பிள்ளை செய்த கிண்ணமோ ஆமையோ வீட்டு அலமாரிக்கு வந்து சேரும் என்றால் பெற்றோர் தயங்காமல் தருவார்கள். நாங்கள் கேட்பது வீட்டுக்கு வராத ஒன்றுக்கு. ஏழெட்டுப் பிள்ளைகள் சேர்ந்து செய்த யானையில் காதை மட்டும் பிய்த்துக்கொண்டு யாரும் போக முடியாது. எல்லாருக்கும் சொந்தமான பொருளுக்கு யார் செலவு செய்வது என்ற கேள்வி எழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் எல்லாரிடமும் கேட்கிறோம்.

ஆளுக்கொரு பொம்மை செய்தால் போதாதா? அதுவும் நல்லதுதான், அதையும் செய்ய வைக்கிறோம். ஆனால் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளை ஒரே மேசையில் உட்கார வைத்தால், பல நேரம் பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டே தனித்தனியாக விளையாடுவார்கள். அருகருகே விளையாடுவது ஒன்று, சேர்ந்து விளையாடுவது வேறொன்று என்று மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932இலேயே பிரித்துக் காட்டியிருக்கிறார். ஒன்றிலிருந்து மற்றதற்குப் பிள்ளையை அறிவுரை சொல்லி நகர்த்த முடியாது. தனியாளாக முடிக்க முடியாத வேலை ஒன்று கையில் இருக்க வேண்டும். ஈரக் களிமண் அப்படிப்பட்டது. கனக்கும், சரியும், ஒருவர் தாங்கிப் பிடித்தால்தான் இன்னொருவர் ஒட்ட முடியும். பிள்ளைகள் பிசைந்து விளையாடக் கடையில் விற்கிற வண்ண மாவில் இது நடக்காது. அது இலேசானது, யாருடைய தயவும் அதற்குத் தேவையில்லை.

யானைக்குக் காது ஒட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். காதின் ஓரத்தை ஒருத்தி பழைய முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுவாள். தலையில் அது உட்கார வேண்டிய இடத்தை இன்னொருவன் கீறுவான். மூன்றாவது ஆள் களிமண் கூழை விரலால் அள்ளி இரண்டு பக்கமும் பூச வேண்டும் (பாதி தன் மூக்கில் போகும்). அப்புறம் அழுத்துவது. வெளியிலிருந்து மட்டும் அழுத்தினால் தலை உள்ளே குழிந்துவிடும். உச்சி இன்னும் மூடப்படாமல் இருக்கும். அந்த வழியாக ஒருவர் கையை விட்டு உள்பக்கம் தாங்க வேண்டும். தாங்குகிறவருக்கு வெளியே நடப்பது தெரியாது, அழுத்துகிறவருக்கு உள்ளே நடப்பது தெரியாது. “இன்னும் அமுக்கு, இன்னும்… போதும், போதும்!” என்று வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும். சேர்ந்து வேலை செய்வது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். யானைக்குக் கொம்பு வைக்கலாமா கூடாதா என்ற சண்டையும் வரும், வரட்டும். அடுத்தவர் செய்ததைக் கேட்காமல் தொடக்கூடாது என்ற ஒரே விதியோடு அதை அவர்களிடமே விட்டுவிடுகிறோம்.

சரி, செலவுக்கு வருவோம். முழங்கால் உயரத்துக்கு ஒரு பெருவயிற்று யானை என்றால், உள்ளே கூடாக விட்டாலும் 30 கிலோ மண்ணாவது பிடிக்கும். சுட்ட மண்ணை நொறுக்கிக் கலந்த சொரசொரப்பான களிமண்ணாக இருந்தால் சுருக்கமும் விரிசலும் குறையும். ஆனால் மண் செலவு திரும்பத் திரும்ப வராது. சுடாத மண்ணைக் காய்ந்த பிறகும் ஊறவைத்துப் பிசைந்து பயன்படுத்தலாம். பயிற்சிக்குச் செய்தவற்றைப் பிள்ளைகளே வாளியில் போட்டுக் கரைப்பார்கள். செய்வதைவிட அதில்தான் சிலருக்கு ஆனந்தம்.

பணத்தை விழுங்குவது சூளை. முடிந்த சிற்பத்தைச் சுடாமல் வைத்தால் ஒரு மழைக்குத் தாங்காது. சுடுவதென்றால் சுவர் கனம் 2 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் உள்ளே குடைந்திருக்க வேண்டும், காற்று வெளியேறத் துளை வேண்டும், பிளாஸ்டிக் தாளால் மூடி வாரக்கணக்கில் மெல்லக் காய வேண்டும். உள்ளே ஈரம் மிச்சமிருந்து 100 டிகிரியைத் தாண்டினால் அது நீராவியாகி மண்ணை வெடிக்க வைக்கும். அதனால் தொடக்கத்தில் சூட்டை நிதானமாக ஏற்றி, 900 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுபோய், ஆறவும் விட வேண்டும். யானை முழுசாக நுழையும் அளவுக்குப் பெரிய மின்சூளை எங்களிடம் இல்லை. வாடகைக்கு எடுக்க வேண்டும். நீங்கள் தரும் பணத்தில் பெரும்பகுதி இந்த வாடகைக்கே போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

பணமாகத் தர முடியாதவர்கள் பொருளாகத் தரலாம்: பழைய படுக்கை விரிப்பு, மூடியுள்ள டப்பா, கனமான மரப்பலகை, தண்ணீர் உறிஞ்சும் ஸ்பாஞ்சு, வாளி. வாளி நிறையத் தேவை. களிமண் கையைக் குழாயடியில் கழுவினால் சாக்கடை அடைத்துக்கொள்ளும். வாளியில் கழுவி, மண் அடியில் தங்கியதும் மேல் தண்ணீரை மட்டும் கொட்ட வேண்டும். துடைப்பம் வேண்டாம். காய்ந்த களிமண் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்கு ஆகாது என்பதால் தரையை ஈரத் துணியால்தான் துடைக்கிறோம். அச்சுகளும் வேண்டாம். உள்ளடக்கம் தெரியாத பழைய மெருகுப் பூச்சும் வேண்டவே வேண்டாம், ஈயம் இருக்கலாம்.

சிற்பத்தின் மேல் நன்கொடையாளர் பெயரைப் பொறிப்பீர்களா என்று கேட்பவர்களுக்கு: மாட்டோம். செக் நாட்டின் தோல்னி வியெஸ்டோனிட்சேயில் 1925இல் கிடைத்த சுடுமண் பெண்ணுருவம் 25,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதன் மேல் ஒரு பிள்ளையின் விரல்ரேகை பதிந்திருக்கிறது. எங்கள் யானை மேலும் பிள்ளைகளின் ரேகை மட்டும் இருந்தால் போதும். உங்கள் பெயர் ரசீதிலும் கணக்கிலும் இருக்கும்; பெயர் வேண்டாம் என்றால் அதுவும் சரி. வரவு செலவுக் கணக்கைச் சிற்பம் சூளையிலிருந்து வந்ததும் எல்லாருக்கும் அனுப்புவோம். மீதி இருந்தால் அடுத்த சிற்பத்தின் சூளை வாடகைக்கு வைத்துக்கொள்வோம்.

இன்னொன்று. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவராவது வேண்டும். கைவேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை வைத்த கோணல் கண்ணை நேராக்காமல் சும்மா இருக்கத் தெரிந்தால் போதும். வர முடிந்தவர்கள் பொருளாளரிடம் பெயர் கொடுங்கள். வரும்போது நகத்தை வெட்டிக்கொண்டு, பழைய துணி உடுத்திக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
குழுவினர்