செயலாளர் அறிக்கை: தொலைநோக்கி போய் மரவட்டை வந்த ஆண்டு

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இந்த ஆண்டு வானம் பார்ப்பதாகத்தான் திட்டம். பழுதுபார்க்கக் கொடுத்த தொலைநோக்கி இன்னும் வரவில்லை, கேட்டால் "அடுத்த வாரம்" என்கிறார்கள். அதற்குள் ஒரு மழைநாள் கூட்டத்துக்கு, நம் உறுப்பினர் ஒருவரின் மகள் தீப்பெட்டியில் மரவட்டை கொண்டுவந்தாள். தொட்டதும் அது காசு மாதிரி சுருண்டுகொண்டது. "இதுல ரொம்பப் பெருசு எவ்வளவு பெருசு?" என்று கேட்டாள். அப்புறம் ஆண்டு முழுக்க அதே பேச்சுதான்.

பதில், ஆர்த்ரோப்ளூரா: எப்போதோ அழிந்துபோன, மரவட்டை மாதிரியான ராட்சதப் பிராணி. 2018 ஜனவரியில் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில், ஹோவிக் கடற்கரையில் மேட்டிலிருந்து விழுந்த மணற்பாறை ஒன்று பிளந்து கிடந்தது. அந்த வழியாக நடந்துபோன முன்னாள் ஆய்வு மாணவர் ஒருவர் உள்ளே இருந்த புதைபடிவத்தைப் பார்த்துவிட்டார். கிடைத்த துண்டு 76 செ.மீ.தான். முழு உடல் சுமார் 2.63 மீட்டர் நீளம், 55 செ.மீ. அகலம், 50 கிலோ எடை இருந்திருக்கும் என்று கேம்பிரிட்ஜின் நீல் டேவிஸ் குழு 2021இல் கணக்கிட்டது. வயது 32.6 கோடி ஆண்டுகள். அதுவும் செத்த உடல் இல்லையாம், பாம்புச் சட்டை மாதிரி உரித்துப்போட்ட தோலில் ஆற்று மணல் நிறைந்து கல்லானது என்கிறார்கள்.

மண்டபத் தரையில் அதே அளவுக்குக் கோடு போட்டு பொருளாளரைப் படுக்க வைத்தோம். அவர் தலைக்கு மேல் இன்னும் இரண்டு முழம் மிச்சம்.

ஒரு திருத்தம். "அப்போது காற்றில் ஆக்சிஜன் அதிகம், அதனால்தான் பூச்சிகள் பெருத்தன" என்று நானே இரண்டு கூட்டங்களில் அடித்துச் சொன்னேன். ஹோவிக் பாறையோ, ஆக்சிஜன் உச்சத்துக்குப் போவதற்கு முந்தையது. ஆகவே அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது, சத்தான தீனியும் வேண்டும். ஜெர்மனியில் 46 செ.மீ. இடுக்கிக் கொடுக்கு கிடைத்த கடல்தேள் ஜேக்கலாப்டெரஸ் இன்னும் பழையது, சுமார் 39 கோடி ஆண்டுகள், நீரில் வாழ்ந்தது. என் கதை அதற்கும் பொருந்தாது. மன்னிக்கவும்.

ஆர்த்ரோப்ளூரா மரவட்டையா பூரானா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டோமே, அதற்கும் பதில் கிடைத்தது. பிரான்சின் மோன்சோ லே மீனில் கிடைத்த குட்டிகளின் தலையை ஸ்கேன் செய்து 2024இல் வெளியிட்டார்கள்: உடம்பு மரவட்டை, வாய் பூரானை ஒத்தது, கண்கள் நண்டுபோல் காம்பில் நிற்கின்றன. இரு கட்சிக்கும் பாதி வெற்றி என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன்.

சரி, மற்ற விஷயங்கள். சந்தா பாக்கி உள்ளவர்கள் பொருளாளரைப் பார்க்கவும். மண்டபத்துக் கோடு அழியவில்லை என்று காவலாளி புகார் சொல்கிறார். சுண்ணக்கட்டி கேட்டதற்கு யாரோ பெயின்ட் எடுத்து வந்திருக்கிறீர்கள். அந்த உறுப்பினர் அடுத்த கூட்டத்துக்கு அரைமணி முன்னதாக, மண்ணெண்ணெயும் துணியுமாக வரவும்.