பலகைக்கு அடியில் செருகிய காகிதத்துக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

வியாழக்கிழமை நியூட்டனின் இயக்க விதிகளைச் செய்து காட்டும் வகுப்பு நடந்து முடிந்துவிட்டது. தொண்டை இன்னும் கட்டியிருக்கிறது, விரலில் ஒட்டிய பசையும் போகவில்லை. ஆறப்போட்டால் எழுதவே மாட்டேன் என்று தெரியும். அதனால் இப்போதே உட்கார்ந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மாலை நடந்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. லேப் அலமாரியைத் திறந்து, செய்முறைக்கு வேண்டிய கருவிகள் இல்லாததைக் கண்டதும் என் முகம் போன போக்கைப் பார்த்தவர்கள் நீங்கள்தானே. ‘இயக்க விதிகளைக் கரும்பலகையிலேயே நடத்திவிடுகிறேன்’ என்று நான் சொன்னதையும், அதை ஒருவர்கூடக் காதில் வாங்காததையும் மட்டும் பதிவு செய்துவைக்கிறேன்.

ஸ்கேட்டிங் சக்கரங்களைக் கழற்றிக் கொடுத்த குழந்தைகளுக்கு நன்றி. பெட்டி எடை பார்க்கும் வில்தராசு இரண்டைத் தேடி எடுத்துவந்த பெற்றோருக்கும், என்னுடைய இரண்டு பாடவேளைகளைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்ட தமிழ் டீச்சருக்கும், பலூனும் உறிஞ்சுகுழலும் நூலுமாக ராக்கெட் கட்டிய பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் நன்றி. கணக்கு சார் என் பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்பது சோதனைகளில் ஆறைப் பென்சிலால் அடித்தார். அப்போது கோபம் வந்தது. மூன்றை முடிப்பதற்கே மணி அடித்துவிட்டது சார், நீங்கள் சொன்னது சரி.

இனி லேப் அண்ணனுக்கு வருகிறேன். பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார், போடவில்லை.

புதன்கிழமை மாலை ஆறு மணி இருக்கும். இரண்டு மீட்டர் பலகை, அதன்மேல் நாங்கள் கட்டிய சக்கர வண்டி. தள்ளிவிட்டால் வண்டி ஒரு மீட்டர் போகும், தயங்கும், நின்றுவிடும். வெளிவிசை இல்லாதவரை ஓடும் பொருள் அதே வேகத்தில் நேராக ஓடிக்கொண்டே இருக்கும் என்ற நியூட்டனின் முதல் விதியைக் காட்டவேண்டிய வண்டி, தொடர்ந்து தள்ளாவிட்டால் தள்ளப்பட்ட பொருள் நின்றுவிடும் என்று அரிஸ்டாட்டில் சொன்னதற்கே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வராத குறை. கதவைப் பூட்ட வந்த அண்ணன் சாவியோடு நின்று பார்த்தார்.

“பிள்ளைங்ககிட்ட என்ன சொல்வீங்க டீச்சர்?”

“உராய்வைப் புறக்கணிக்கணும்னு சொல்வேன்.”

“அது எங்க போகும், நீங்க புறக்கணிச்சா?”

சாவியை மேசைமேல் வைத்தார். பலகையின் ஒரு முனைக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்தார். வண்டியின் பக்கவாட்டில் நாக்கு மாதிரி ஓர் அட்டைத் துண்டை ஒட்டி, பலகையின் ஓரத்தில் 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் குச்சிகளை நிறுத்தினார். வண்டி போகும்போது அட்டை ஒவ்வொரு குச்சியிலும் தட்டி ‘டக்’ என்றது. சின்ன வயதில் சைக்கிள் கம்பியில் அட்டை செருகி ஓட்டுவோமே, அதே வேலை. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, “தள்ளுங்க” என்றார்.

டக், டக், டக்... டக்...... டக். “தேயுது” என்றார். பழைய செய்தித்தாளைக் கிழித்து மடித்து, நோட்டின்மேல் ஒரு மடிப்பு வைத்தார். மறுபடி தள்ளினேன். இன்னும் தேய்ந்தது. இன்னொரு மடிப்பு. ஒன்பதாவது மடிப்பில் சத்தம் கடைசியில் அவசரப்பட்டது. “அதிகம்” என்று ஒன்றை உருவினார். எட்டாவதில் நின்றோம். ஒரே ஒரு தட்டு, அவ்வளவுதான். முதல் குச்சியிலிருந்து கடைசிக் குச்சிவரை கடிகாரம் மாதிரி ஒரே சீராகக் கேட்டது. மெதுவாகத் தட்டினால் மெதுவான சீர், வேகமாகத் தட்டினால் வேகமான சீர்.

சரிவு வண்டியை முன்னே இழுக்கிறது, உராய்வும் குச்சியின் தடையும் பின்னே இழுக்கின்றன. இரண்டும் சமமாகும் இடத்தில் நிகர விசை சுழி, அதாவது பூஜ்யம். விசை சுழியானால் வண்டி நிற்கவேண்டியதில்லை, இருந்த வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும். இத்தனை வருடமாக ‘உராய்வைப் புறக்கணிக்க’ என்று எழுதிப்போட்டு நகர்ந்திருக்கிறேன். அதைப் புறக்கணிக்காமல், காகிதத்தால் அளந்து ஈடுகட்டலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். முன்பு இருந்த ஒரு சார் இப்படித்தான் பலகையைச் சரிபார்ப்பார், பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன் என்றார்.

அந்தக் குச்சிகள் எனக்கு இன்னொரு யோசனை கொடுத்தன. அன்றிரவே பலகையை நன்றாகத் தூக்கி வைத்து, கிளம்பும் இடத்திலிருந்து 10, 40, 90, 160 சென்டிமீட்டரில் குச்சிகளை மாற்றினோம். இடைவெளிகள் 10, 30, 50, 70, அதாவது 1, 3, 5, 7 என்ற கணக்கு. வண்டியைத் தள்ளாமல் சும்மா விட்டோம். வேகம் ஏறிக்கொண்டே போகிறது, சத்தம் மட்டும் சீராக வருகிறது! கலிலியோ 1638இல் வெளியிட்ட புத்தகத்தில் இருக்கும் அதே ஒற்றைப்படைக் கணக்கு. நொடிமுள் இல்லாத காலத்தில், மெல்லிய குழாய் வழியே விழுந்த தண்ணீரை எடைபோட்டு நேரம் பார்த்தவர் அவர். எங்களுக்கு அண்ணனின் காது இருந்தது.

மறுநாள் வகுப்பில் விதியைச் சொல்லாமல்தான் தொடங்கினேன். வண்டியைத் தட்டிவிட்டால் என்ன ஆகும், முதலில் தாளில் எழுதுங்கள் என்றேன். ஒருத்தியைத் தவிர எல்லோரும் ‘மெல்ல மெல்ல நின்றுவிடும்’ என்றே எழுதியிருந்தார்கள். பிறகு அத்தனை பேரையும் கண்ணை மூடச் சொல்லிவிட்டு வண்டியைத் தட்டினேன். நான்காவது ‘டக்’கில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “மிஸ், இது ஏன் மிஸ் நிக்க மாட்டேங்குது?” எத்தனையோ வருடமாக நான் காத்திருந்த கேள்வி அது. 1687இல் அச்சான நியூட்டனின் முதல் விதியை அதற்கப்புறம்தான் கரும்பலகையில் எழுதினேன். அண்ணன் கதவோரம் நின்றிருந்தார். திரும்பிப் பார்த்தபோது ஆள் இல்லை.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன். இனி ‘புறக்கணிக்க’ என்று எழுதும்முன் ஒருமுறை காகிதம் மடித்துப் பார்ப்பேன். செய்முறைப் பாடம் எதையும் தனியாக உட்கார்ந்து தயாரிக்கவும் மாட்டேன். முந்தின நாள் அண்ணன் எதிரில் நடத்திக் காட்டிவிட்டுத்தான் வகுப்புக்குப் போவேன். அவரிடம் இன்னும் கேட்கவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

சக்கரங்களைத் துடைத்துப் பெயர் எழுதிய உறைகளில் போட்டு வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற மூன்றாம் விதிக்காக இரண்டு வில்தராசுகளையும் கொக்கியோடு கொக்கி மாட்டி ஆளுக்கொரு பக்கம் இழுக்கச் சொன்னேன். யார் பலசாலி என்றாலும் இரண்டும் ஒரே அளவுதான் காட்டும் என்பதை நம்பாமல் பையன்கள் கயிறு இழுக்கும் போட்டியே நடத்திவிட்டார்கள். நீலநிறத் தராசின் முள் இப்போது சுழிக்குத் திரும்பவில்லை. அதன் சொந்தக்காரர் மன்னிக்கவேண்டும். புதிதாக வாங்கித் தருகிறேன், பழையதை மட்டும் எனக்கே கொடுத்துவிடுங்கள். எதையும் மாட்டாதபோதே முள் சுழியில் நிற்காத ‘சுழிப் பிழை’யை நடத்தும்போது வேண்டும்.