அந்த இரண்டு பக்கங்களையும் சேருங்கள்: எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள செயற்குழுவினருக்கு, வணக்கம்.

ஆண்டு மலர் விஷயம்தான். நடந்தது உங்களுக்கே தெரியும் என்பதால், அன்று இரவு வாட்ஸாப் குழுவில் ஓடியதை நான் மறுபடி ஓட்டப்போவதில்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நாம் வாழும் இந்த டர்ஹாம், நூறு வருஷத்துக்கு முன் எப்படி இருந்தது என்று ஆறு பக்கம் கேட்டீர்கள், கொடுத்தேன். நாலு பக்கம் அச்சுக்குப் போகிறது. மீதி இரண்டும் "கொஞ்சம் நெகட்டிவா இருக்கு, எடுத்துட்டோம்" என்ற ஒரே வரியோடு போய்விட்டன. அந்த இரண்டு பக்கங்களையும் திரும்பச் சேர்க்க வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

அவை எப்படி வந்தன என்று சொல்லிவிடுகிறேன். ஆறு சனிக்கிழமைகள். மகனைக் கால்பந்துப் பயிற்சியில் இறக்கிவிட்டு நூலகத்துக்குப் போவேன். பழைய பத்திரிகைகள் அங்கே மைக்ரோஃபிலிமில், அதாவது பக்கங்களைச் சிறிதாகப் படம்பிடித்த ஃபிலிம் சுருளில் இருக்கின்றன. மைக்ரோஃபிலிம் என்றால் ஏதோ நவீனமாகத் தோன்றும். உண்மையில் அது கையால் சுற்றுகிற ராட்டினம். சில சுருள்களில் எழுத்து வெள்ளை, தாள் கறுப்பு. வேகமாகச் சுற்றினால், கடைசி சீட்டில் உட்கார்ந்து கொடைக்கானல் ஏறியதுபோல் வயிற்றைப் புரட்டும். ஒருமுறை நிஜமாகவே எழுந்து வெளியே போய் நின்றேன்.

ஆனாலும் விட மனசு வரவில்லை. அந்தக் காலத்து உள்ளூர்ப் பத்திரிகை ஒரு திண்ணைப் பேச்சு. இன்னார் பக்கத்து ஊரான ராலே போய்விட்டு மாலை ரயிலில் திரும்பினார், இன்னார் வீட்டுக்கு அத்தை வந்திருக்கிறார், சர்ச்சில் ஐஸ்கிரீம் விருந்து என்று எல்லாம் செய்திதான். பக்கத்திலேயே சகல வியாதிக்கும் ஒரே டானிக். புகையிலை ஏலம், காளை கத்துவதுபோல் ஊதிய ஆலைச் சங்கு, ட்ராம், 1913 ஜனவரியில் தபால்காரர் பெரிய பார்சல்களையும் தூக்கிவர ஆரம்பித்தது. நீங்கள் வைத்துக்கொண்ட நாலு பக்கத்தில் இருப்பது இதெல்லாம். நல்ல பக்கங்கள்தான்.

மூன்றாவது சனிக்கிழமைதான் ஒன்று உறைத்தது. ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கறுப்பர். அவர்கள் வீட்டுக்கு அத்தையே வருவதில்லை. அவர்கள் யாரும் ராலே போய்த் திரும்புவதில்லை. பெரும்பாலும் கோர்ட் செய்தியில்தான் வருகிறார்கள். அப்போதும் பெயருக்கு முன்னால் மிஸ்டர், மிசஸ் கிடையாது. பின்னால் மட்டும் ஓர் அடைப்புக்குறி, அதற்குள் மூன்று எழுத்து. 'கலர்டு' என்பதன் சுருக்கம். அந்த அடைப்புக்குறியைத் தேடிப் பிடிக்கத்தான் மீதி மூன்று சனிக்கிழமைகளும் போயின.

நீங்கள் எடுத்தது அதைத்தான். 1899-இல் இந்த மாநிலம் சட்டம் போட்டு ரயிலில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் பெட்டி பிரித்ததை எடுத்தீர்கள். ஆலையில் சிகரெட் இயந்திரம் வெள்ளையருக்கு, தூசியில் உட்கார்ந்து இலையின் நடுநரம்பை உரிப்பது கறுப்பினப் பெண்களுக்கு என்றிருந்ததை எடுத்தீர்கள். சரி, இதெல்லாம் நெகட்டிவ் என்றே வைத்துக்கொள்வோம். ஜான் மெரிக் என்ன பாவம் செய்தார்? அடிமையாகப் பிறந்தவர், முடிதிருத்துபவர். புகையிலைக் கோடீசுவரர் வாஷிங்டன் டியூக்குக்கே முடி வெட்டியவர். கறுப்பரான அவரே வெள்ளையருக்குத் தனிக் கடை, கறுப்பருக்குத் தனிக் கடை என்று நடத்த வேண்டியிருந்தது. அவரும் டாக்டர் ஆரன் மூரும் இன்னும் சிலரும் 1898-இல் தொடங்கிய காப்பீட்டுக் கம்பெனிதான் பாரிஷ் தெருவுக்குப் பெயர் வாங்கித் தந்தது. அதே மூர் 1913-இல் ஒரு சர்ச்சின் நிலவறையில் கறுப்பருக்காக ஒரு நூலகம் திறந்தார். ஊரின் பொது நூலகம் 1898 முதலே இருந்தது, ஆனால் அது அவர்களுக்கு இல்லை. இதைப் படித்த அன்று, அந்தக் காலத்தில் என் நிறத்தைப் பார்த்து எந்த வாசலைக் காட்டியிருப்பார்கள் என்று யோசித்தபடியே ஃபிலிமைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"நமக்கு எதுக்கு அவங்க பிரச்சினை" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம். தினமும் காலையில் 147-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஆபீஸ் போகிறோமே, அந்த ரோடு ஹெய்ட்டி என்ற கறுப்பர் பேட்டையை அறுத்துக்கொண்டுதான் போகிறது. நகரச் சீரமைப்பு என்ற பெயரில் அங்கே இடித்ததில் 4,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களும் ஏறத்தாழ 500 கடை கண்ணிகளும் போயின. அப்புறம், நாமும் இரட்டைக் குவளை இருந்த நாட்டிலிருந்துதான் வந்திருக்கிறோம். அடைப்புக்குறி என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இடமில்லை என்றும் ஒரு காரணம் சொன்னீர்கள். வீடு விற்கும் ஏஜெண்டுகளின் சிரித்த முகங்கள் பதினோரு பக்கம். செயற்குழுவினர் குடும்பத்தோடு படகில் போன படம் இரண்டு பக்கம். அதைக் குறை சொல்லவில்லை, படகு அழகாகத்தான் இருக்கிறது. பொங்கல் விழாவில் சாப்பாடு ஒன்றரை மணி நேரம் தாமதமானதைப் பற்றியும் எழுத ஆசைதான், அது இந்த மடலில் வேண்டாம்.

கோபத்தில் ஒரு சொல் கூடிப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சம்பளமில்லாமல் ராத்திரி கண்விழித்து மலரைக் கோக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் தாழ்மையாகவே கேட்கிறேன்: அந்த இரண்டு பக்கங்களையும் சேருங்கள். ஆறும் முடியாதென்றால் என் நாலையும் எடுத்துவிட்டு அந்த இரண்டை மட்டும் போடுங்கள். எனக்குச் சம்மதம்.

அச்சுக்குப் போக இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. கோப்பை மறுபடி அனுப்பியிருக்கிறேன். தலைப்பு பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள், வாக்கியம் நீளமென்றால் வெட்டிக்கொள்ளுங்கள். அடைப்புக்குறியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
சந்தா கட்டிய ஓர் உறுப்பினர்