மெமோ எழுதுவதற்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் உன் தீயணைப்பு நிலையத்து ஆளுக்கு மெமோ கொடுப்பது பற்றி நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் உன் அம்மா இருந்தாள், அதோடு எனக்குப் போனில் நீளமாகப் பேச வராது, உனக்கே தெரியும். அதனால் நாலு நாளாக இதை ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் கண்டுகொள்ளாதே.

இங்கே மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, மண்டபத்தில் பாதிப் படகு கரையேறி நிற்கிறது, எங்கே பார்த்தாலும் வெல்டிங், பெயிண்ட், தார் வாடை. தீயணைப்பு வேலையில் ஓய்வு பெற்று இத்தனை நாள் ஆகியும் வெல்டிங் பொறி தெறித்தால் டீசல் கேன் எங்கே இருக்கிறது என்றுதான் என் கண் தேடுகிறது. போன வாரம் ஒரு பையனிடம் கேனைத் தள்ளி வை என்று சொல்லப்போனேன், "பெரியப்பா, உங்க டூட்டி முடிஞ்சு போச்சு, வீட்டுக்குப் போங்க" என்கிறான். கத்திரி வெயில் வேறு. சரி, அதை விடு.

உன் முன்னணி தீயணைப்போர் விஷயம். ஐம்பது வயது தாண்டிய ஆள், ரோல் காலுக்கு லேட்டாக வருகிறார், சின்னப் பையன்கள் மேல் எரிந்து விழுகிறார், இரண்டு தடவை குடித்த வாடை வந்தது, உன்னை "ஐயா" என்று கூப்பிடும்போதே ஒரு நக்கல் இருக்கிறது, மெமோ கொடுக்கப் போகிறேன் என்றாய். கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை. குடித்துவிட்டு வந்தவனை வண்டியில் ஏற்றாதே, அதில் தயவு தாட்சண்யமே வேண்டாம், அவன் ஒருவனால் நாலு பேர் சாவான். ஆனால் பேச்சோடு பேச்சாக நீயே ஒன்று சொன்னாய்: நீ சார்ஜ் எடுப்பதற்கு ஒரு மாதம் முன்னால் ஒரு பட்டாசு ஆலைக்குப் போனார்களே, அதற்கப்புறம்தான் இந்த ஆள் இப்படி ஆகிவிட்டார் என்று டிரைவர் சொன்னதாக. அதைச் சொல்லிவிட்டு லீவு சமாச்சாரத்துக்குப் போய்விட்டாய். எனக்கு அதற்கப்புறம் நீ பேசிய எதுவும் காதில் ஏறவில்லை.

நான் உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. நீ அப்போது கைக்குழந்தை. மனநலம் சரியில்லாதவர்களை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகம், ஓலைக் கொட்டகை, விடிவதற்கு முன்னால் தீ. 28 பேர் செத்துப்போனார்கள். ஓடிவிடக் கூடாது என்று சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தார்கள், அதனால் ஓட முடியவில்லை. அது நாடு முழுக்கப் பேப்பரில் வந்தது, சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கு எடுத்தது, அதெல்லாம் நீ படித்திருப்பாய். அன்றைக்கு அங்கே போனவர்களில் நானும் ஒருத்தன் என்பது நீ படித்திருக்க மாட்டாய். பனை ஓலை எப்படிப் பிடிக்கும் என்று நம் ஊர்ப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் அணைத்தது தீயை இல்லை, மிச்சத்தை. எனக்கு வந்த வேலை சங்கிலி. அதற்கு மேல் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

ஸ்டேஷனுக்குத் திரும்பினோம், ஹோஸைக் கழுவிக் காயப்போட்டோம், வண்டியில் தண்ணீர் நிரப்பினோம். அப்போது எனக்கு மேலே இருந்த அதிகாரி வந்தார். எத்தனை ஹோஸ் போனது, எத்தனை திரும்பி வந்தது என்று எண்ணச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், அவருக்கும் யாரும் வேறெதையும் கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஹோஸ் கணக்கு சரியாக இருந்தது.

அப்புறம் நான் திண்ணையில்தான் படுப்பேன். உன் அம்மா கேட்டால் புழுக்கம் என்பேன், மார்கழியிலும் புழுக்கம் என்றுதான் சொன்னேன். சுட்ட கருவாட்டு வாடை வந்தால் எழுந்து தெருவுக்குப் போய்விடுவேன். விடிகாலையில் படகுக்காரர்கள் நங்கூரச் சங்கிலி இழுக்கிற சத்தம் இருக்கிறதே, அதற்காகவே நம் சொந்தக் கரைப் பக்கம் போகாமல் சுற்றிப் போவேன். கடலில் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவன் நான், யோசித்துப் பார்.

உனக்கு ஆறு வயது இருக்கும்போது ஒருநாள் பழைய சைக்கிள் செயினை சிமெண்டுத் தரையில் தரதரவென்று இழுத்துக்கொண்டு வண்டி விட்டு விளையாடினாய். நான் எழுந்து வந்து உன்னை அடித்தேன். பெல்டால் அடித்தேன். ஏன் என்று உனக்கு அன்றைக்கும் தெரியாது, பின்னாலும் நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

ரொம்ப வருஷம் கழித்துத்தான் உன் அம்மா என்னை வைத்தியத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள், எங்கே என்று நினைக்கிறாய், அதே ஏர்வாடிக்கு. தர்காவிலேயே அரசாங்கம் மனநல மருத்துவரை உட்கார வைத்திருந்தது, துவாவும் நடக்கும், மருந்தும் கொடுப்பார்கள். மந்திரிக்கப் போகிறோம் என்று சொல்லித்தான் அவள் என்னைக் கூட்டிப்போனாள், டாக்டர் என்று சொல்லியிருந்தால் நான் பஸ் ஏறியிருக்க மாட்டேன். ஒன்றரை வருஷம் மாத்திரை சாப்பிட்டேன். ஸ்டேஷனில் சுகர் மாத்திரை என்று சொல்லிவைத்தேன். சுகர் மாத்திரை என்றால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள், பார்.

இன்னொரு அதிகாரியைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. ஒரு கிணற்று ரெஸ்க்யூ கால். தூர் வார இறங்கினவர்கள் தண்ணீர் இறைக்க டீசல் இன்ஜினை உள்ளேயே இறக்கி ஓட்டியிருக்கிறார்கள். புகை மேலே வரவில்லை, உள்ளேயே நின்றுவிட்டது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. அப்பன் விழுந்தான், தூக்கப் போன மகனும் விழுந்தான். பி.ஏ. செட் (முதுகில் மாட்டுகிற மூச்சுக்காற்றுக் கருவி) போட்டுக்கொண்டு இறங்கினவன் நம்மிடம் புதிதாகச் சேர்ந்த பையன். இரண்டு பேரையும் கயிற்றில் கட்டி ஏற்றினான், இரண்டு பேருமே பிழைக்கவில்லை. திரும்பும் வழியில் அந்த அதிகாரி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். எல்லோருக்கும் டீ, பரோட்டா. அந்தப் பையன் தொடவில்லை. அவர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. தானாகவே சொன்னார்: "அந்த மகனோட சட்டைப் பையில கடலை மிட்டாய் இருந்துச்சுய்யா, அதுதான் எனக்குக் கண்ணுக்குள்ளயே நிக்குது." அவ்வளவுதான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, அப்புறம் ஒவ்வொருத்தனாக வாயைத் திறந்தான், கடைசியில் அந்தப் பையனும் அழுதுகொண்டே பேசினான், பரோட்டாவும் தின்றான். ராத்திரி ஒரு மணி வரை கடைக்காரன் எங்களுக்காகக் கடையை மூடவில்லை.

அதிகாரி முதலில் பேசியதால்தான் மற்றவர்கள் பேசினார்கள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை, ஓய்வு பெற்ற பிறகு திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கையில்தான் புரிந்தது. ஸ்டார் வைத்தவன் தனக்கு ஒன்றும் ஆகாத மாதிரி விறைப்பாக நின்றால் கீழே இருக்கிறவனும் விறைத்துக்கொண்டுதான் நிற்பான். அதைப் பார்த்து நாம் டிசிப்ளின் என்று நினைத்துக்கொள்கிறோம்.

போன மாதம் தீத்தொண்டு நாளுக்கு நீ சல்யூட் அடிக்கிற போட்டோ அனுப்பினாய், உன் அம்மா அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். 1944 ஏப்ரல் 14-இல் பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் 'போர்ட் ஸ்டிகைன்' கப்பல் பஞ்சும் வெடிமருந்துமாக வெடித்ததில் 66 தீயணைப்போர் செத்தார்கள், அவர்களுக்காக வருஷா வருஷம் நிற்கிறோம், நிற்க வேண்டியதுதான். நான் ஒவ்வொரு வருஷமும் அந்த மௌனத்தில் நின்றுகொண்டு பக்கத்தில் நிற்கிறவன் முகத்தைப் பார்ப்பேன், இவன் நேற்று தூங்கினானா என்று. கேட்டது கிடையாது.

அதனால் உன் ஆளிடம் எப்படிப் பேசலாம் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ரூமுக்குக் கூப்பிட்டு எதிரே நிற்க வைத்துக் கேட்காதே. சாயங்காலம் வண்டி கழுவுகிற நேரத்தில் நீயும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு போய் நில். குடியைப் பற்றிப் பேச்சே எடுக்காதே, அதற்கு அவரிடம் பத்து பதில் தயாராக இருக்கும். மனசு சரியில்லையா என்றும் கேட்காதே, நம் ஆட்களுக்கு அந்த வார்த்தை பைத்தியமா என்று கேட்கிற மாதிரி விழும். "அன்னைக்கு உங்களுக்கு என்ன வேலை வந்துச்சு அண்ணே?" என்று கேள். ஆமாம், அண்ணே என்றே கேள், பரேடில் ஐயாவாக இருந்துகொள். அவர் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கேள். என்னை யாராவது ஒருத்தர் இரண்டாவது தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

14416 என்று ஒரு நம்பர் இருக்கிறது, டெலி மானஸ், 2022-இல் மத்திய அரசு ஆரம்பித்தது, காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்காதே, எவனும் போர்டு முன்னால் நின்று அந்த நம்பரைக் குறித்துக்கொள்ள மாட்டான், மற்றவன் பார்ப்பானே. நீ முதலில் அதில் பேசிப் பார், அப்புறம் நான் பேசினேன் என்று அவரிடம் சொல். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால் ரெஸ்ட் நாளில் போகச் சொல்லாமல் நீயே லீவு எழுதிக் கொடு. 24 மணி நேரம் டூட்டி பார்த்துவிட்டு வந்தவனுக்கு வரிசையில் நிற்கத் தெம்பு இருக்காது.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், உனக்குப் படிப்பில் சொல்லியிருப்பார்கள், ஆனாலும் சொல்கிறேன். எங்கள் காலத்தில் கரி படிந்த சட்டைதான் வேலை பார்த்தவனுக்கு அடையாளம், அதோடு வீட்டுக்கு வந்து உன்னைத் தூக்கிக் கொஞ்சியிருக்கிறேன். 2022-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில் என்று முதல் வகையில் சேர்த்துவிட்டது, புகையிலை இருக்கிற அதே வகை. நான் சேர்ந்தபோது எரிந்தது ஓலையும் கட்டையும். இப்போது ஃபைபர் வள்ளம், நைலான் வலை, பிளெக்ஸ், ஃபோம் மெத்தை, அந்தப் புகையே வேறு. தீ அணைந்த பிறகு கிளறிவிடுகிற நேரத்தில்தான் எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றிவிடுவார்கள், நீ கழற்ற விடாதே. சட்டையை ஸ்டேஷனிலேயே துவைக்கச் சொல், குளித்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல். மூச்சுக்காற்று சிலிண்டரில் 45 நிமிஷம் என்று போட்டிருந்தாலும் மூச்சு வாங்க வேலை பார்க்கிறவனுக்கு அவ்வளவு நேரம் வராது, கணக்கை வெளியே நிற்கிற நீதான் வைத்திருக்க வேண்டும்.

நெஞ்சும் அப்படித்தான். அமெரிக்காவில் பணியில் சாகிற தீயணைப்போரில் ஏறக்குறையப் பாதிப் பேரை நெருப்பு கொல்வதில்லை, மாரடைப்புதான் கொல்கிறது. சும்மா படுத்திருந்தவன் மணி அடித்ததும் எழுந்து ஓடுகிறான், சூடு, வியர்வை, ரத்தம் கெட்டியாகிறது. உன் ஆளுக்கு ஐம்பதுக்கு மேல் என்கிறாய். மே மாதம். வண்டியில் எப்போதும் இரண்டு குடம் நீச்சத்தண்ணி, இல்லை மோர் வை, உப்புப் போட்டு. கேலி பண்ணுவார்கள், குடிப்பார்கள்.

உன்னோடு அதே பரீட்சை எழுதினவன் எஸ்.ஐ. ஆகி ஜீப்பில் போகிறான் என்று நீ சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை, அது உண்மைதான், பாம்பு பிடிக்கவும் தேன்கூடு கலைக்கவும் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கவும் யாரும் ஜீப் தர மாட்டார்கள். புரமோஷனும் மெதுவாகத்தான் வரும். நீ தேர்ந்தெடுத்ததா, நான் பிடித்துத் தள்ளியதா என்று சில ராத்திரி யோசிப்பேன்.

அந்த டிரைவரை விட்டுவிடாதே. மே மாதத்தில் எந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கும், எந்தச் சந்தில் வண்டி திரும்பும் என்பது அவர் மண்டையில்தான் இருக்கும். இங்கே ஒருமுறை அவசரத்துக்குக் கடல் தண்ணீரை இழுத்து அடித்துவிட்டு நல்ல தண்ணீர் விட்டுப் பம்பை அலசாமல் போட்டுவிட்டோம், உப்பு அரித்துப் பம்பே போய்விட்டது, அலசச் சொன்ன டிரைவரின் பேச்சை யாரும் கேட்கவில்லை. உன்னிடம் ஒருத்தர் தானாக வந்து பட்டாசு ஆலை சமாச்சாரத்தைச் சொல்லியிருக்கிறார் என்றால் உன்னை அளந்து பார்க்கிறார் என்று அர்த்தம்.

அம்மா சீலாக் கருவாடு காயவைத்திருக்கிறாள், வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். அந்த ஆள் கருவாடு சாப்பிடுவாரா என்று கேட்டுச் சொல். இப்போதைக்கு அந்த வாடையே ஆகாது என்றால் விட்டுவிடு, நான் கருப்பட்டி வைத்து அனுப்புகிறேன்.

அப்பா