25 ஹார்ஸ்பவர் ஏறும்னு வித்த இன்டேக் கிட்: என் பணத்த திருப்பி குடுங்க

வணக்கம்.

இப்பல்லாம் இங்கிலீஷ்ல எத்தன மெயில் போட்டாலும் "தொடர்பு கொண்டதற்கு நன்றி"ன்னு ஒரே ஆட்டோமேட்டிக் பதில் தான் வருது. இந்த இன்டேக் கிட்ட (இஞ்சினுக்கு காத்து போற வழில மாட்டற ஃபில்டர், ஹோஸ் செட்) விக்கும்போது உங்க சேல்ஸ் தம்பி ஃபோன்ல தமிழ்லயே ரொம்ப நேரம் பேசி, ஊரெல்லாம் விசாரிச்சு, அப்புறம் தான் வித்தாரு. அதனால புகாரும் தமிழ்லயே வருது, அவர கூப்பிட்டு மேனேஜருக்கு படிச்சு சொல்ல சொல்லுங்க.

என் கார் 1990 மாடல் மாஸ்டா ஆர்எக்ஸ்-7, எஃப்சி பாடி, டர்போ இல்லாத 13பி ரோட்டரி இஞ்சின் (பிஸ்டனுக்கு பதிலா முக்கோண ரோட்டர் சுத்தறது). அதாவது சீரிஸ் 5. இத ஆர்டர் பண்ணும்போதே சொன்னேன், ஃபார்ம்ல வருஷம் போட்டேன், தம்பியும் "1986-ல இருந்து 1991 வரைக்கும் எல்லா எஃப்சிக்கும் ஒரே கிட் தான் சார், போல்ட் பண்ணுங்க போங்க"ன்னாரு. உங்க வெப்சைட் பக்கத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கு, இன்னைக்கு காலைல கூட பாத்தேன், மாத்தல.

இந்த கார தெரிஞ்ச யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க, 88 வரைக்கும் வந்த சீரிஸ் 4-ல இருக்கற ஏர்ஃப்ளோ மீட்டர் (உள்ள போற காத்த அளக்கறது) வேற, 89-க்கு அப்புறம் வந்த சீரிஸ் 5-ல இருக்கறது வேற. பழசுல கதவு மாதிரி ஒரு தகடு காத்துக்கு தொறக்கும், என்னோடதுல ஒரு கோன் முன்னும் பின்னும் நகரும். ரெண்டோட வாயும் ஒண்ணு இல்ல, போல்ட் ஓட்டையும் ஒண்ணு இல்ல. நீங்க அனுப்புனது சீரிஸ் 4 அடாப்டர். கம்ப்ளெய்ன்ட் பண்ணதுக்கு "ஓட்டைய கொஞ்சம் ஃபைல் பண்ணி பெருசாக்குங்க"ன்னு பதில். காசு குடுத்து வாங்குன புது சாமான நான் எதுக்குங்க ராவணும்? சண்டை போட்டு தான் சரியான அடாப்டர் வந்துச்சு, அதுலயும் கேஸ்கெட் இல்ல.

சரி அது போகட்டும்னு மாட்டுனா அடுத்த கத. ஒரிஜினல்ல அந்த மீட்டரோட வெயிட்ட ஏர்பாக்ஸ் (ஃபில்டர் இருக்கற பெட்டி) தான் தாங்கி புடிக்குது, ஏர்பாக்ஸ் பாடில போல்ட் ஆகி இருக்கு. உங்க கிட்ல ஏர்பாக்ஸ தூக்கிட்டு மீட்டர் மூஞ்சில நேரா ஒரு கோன் ஃபில்டர சொருகிட்டீங்க, தாங்க ஒரு பிராக்கெட் கூட குடுக்கல. மீட்டரும் ஃபில்டரும் சேந்து உங்க சிலிகான் ஹோஸ்ல தொங்குது. இஞ்சின் ஆட ஆட ஹோஸ் கிளாம்ப் பக்கத்துல கிழிஞ்சு, ஐடில்ல ஆர்பிஎம் ஏறி எறங்கி ஏறி எறங்கி சிக்னல்ல ஆஃப் ஆகுற நெலமைக்கு வந்துச்சு. ஏன்னா மீட்டருக்கு பின்னாடி புகுற காத்து கணக்குல வராது, கம்ப்யூட்டருக்கு அந்த காத்து வந்ததே தெரியாது, அதுக்கு தேவையான பெட்ரோலும் விடாது, மிக்ஸ்சர் லீன் ஆயிடும். ரோட்டரில லீனா ஓடுனா ரோட்டர் முனைல இருக்கற அபெக்ஸ் சீலுக்கு என்ன ஆகும்னு பெர்ஃபார்மன்ஸ் பார்ட்ஸ் விக்கற உங்களுக்கு நான் சொல்லணுமா.

அப்புறம் ஏர் பம்ப், எக்ஸாஸ்ட் புகைய சுத்தம் பண்ண காத்து அடிக்கறது. ஒரிஜினல் ஏர்பாக்ஸ்ல இருந்து அதுக்கு சுத்தமான காத்து ஒரு ஹோஸ்ல போகுது, உங்க கிட்ல அத மாட்ட எடமே இல்ல. சப்போர்ட்ல கேட்டா "அத மூடிருங்க, இல்ல பம்ப்பையே கழட்டிருங்க, வெயிட்டும் கொறையும்"னு எழுத்துல பதில் குடுத்திருக்கீங்க, மெயில் பத்திரமா இருக்கு. அய்யா, சீரிஸ் 5 டர்போ இல்லாத இஞ்சின்ல ஆறு இன்டேக் போர்ட் (காத்து உள்ள போற வழி) இருக்கு, அதுல அஞ்சாவது ஆறாவது போர்ட்ட தொறக்கறதே அந்த ஏர் பம்ப் ப்ரெஷர் தான், மேனிஃபோல்டுல (இன்டேக் குழாய்ல) ஆர்பிஎம்முக்கு தகுந்த மாதிரி காத்து வழிய மாத்தற விடிஐ வால்வும் அதே ப்ரெஷர்ல தான் வேல செய்யுது. பம்ப்ப கழட்டுனா மேல் ஆர்பிஎம்ல அந்த போர்ட் ரெண்டும் மூடியே கெடக்கும். இஞ்சினுக்கு காத்து அதிகமா போகணும்னு காசு வாங்கிட்டு, இருக்கற போர்ட்டையே மூட வழி சொல்லி குடுக்கறீங்க. இத படிச்சப்போ சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

இன்னொன்னு, நான் இருக்கறது காலிஃபோர்னியா. 1976 மாடல்ல இருந்து வந்த பெட்ரோல் கார், ரொம்ப புதுச தவிர, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ ஸ்மாக் செக் (புகை சோதனை) போகணும், அங்க பானெட்ட தொறந்து கண்ணால பாப்பாங்க. ஏர் பம்ப் இல்லன்னா அங்கயே ஃபெயில். இன்டேக் மாத்தியிருந்தா ஏர் ரிசோர்சஸ் போர்டு குடுத்த ஈ.ஓ. நம்பர் (அந்த பார்ட்டுக்கு அனுமதி நம்பர்) ஸ்டிக்கர் எங்கன்னு கேப்பாங்க. உங்க பெட்டில பெருசா "ஸ்மாக் லீகல்"னு அச்சடிச்சிருக்கு, நம்பர் எங்கயும் இல்ல. மூணு மெயில்லயும் அந்த நம்பர தான் கேட்டேன், அத தவிர எல்லாத்தையும் பத்தி பேசுறீங்க.

இப்ப முக்கியமான விஷயம், 25 ஹார்ஸ்பவர்.

இந்த இஞ்சின் 1308 சிசி, ஒரு ரோட்டருக்கு 654. ரோட்டரில ஷாஃப்ட் ஒரு சுத்து சுத்துனா ரெண்டு ரோட்டரும் ஒவ்வொரு தடவ காத்த இழுக்கும், அதனால ஒரு சுத்துக்கு முழு 1.3 லிட்டரும் உள்ள போகும், சாதா பிஸ்டன் இஞ்சின்ல ஒரு சுத்துக்கு பாதி தான் போகும், அதனால இது அதுல 2.6 லிட்டருக்கு சமம். 7000 ஆர்பிஎம்ல நிமிஷத்துக்கு 9000 லிட்டருக்கு மேல. இவ்வளவு காத்து போகுதுன்னா ஃபில்டர்ல அடைப்பு பெரிய விஷயமா தான் இருக்கும்னு எல்லாரும் நெனைப்பாங்க, உங்க விளம்பரமும் அந்த நெனப்ப வெச்சு தான் ஓடுது. ஆனா அத அளந்து பாக்க ஒரு சுலபமான வழி இருக்கு, பிளாஸ்டிக் டியூப்ப யூ மாதிரி வளைச்சு தண்ணி ஊத்தி, ஒரு முனைய இன்டேக் டக்ட்ல சொருகி, ட்ராக்ல ஃபுல் த்ராட்டில்ல போகும்போது பக்கத்துல ஒருத்தர உக்கார வெச்சு ரெண்டு பக்க தண்ணி மட்டத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் வருதுன்னு பாக்கறது. ஒரிஜினல் ஏர்பாக்ஸோட, மீட்டரும் சேத்து, த்ராட்டிலுக்கு முன்னாடி வரைக்கும் என் காருல வந்தது சுமார் 25 சென்டிமீட்டர். அதுலயும் பாதிக்கு மேல மீட்டர்ல போறது, ஃபில்டர்ல இல்ல. வெளிய இருக்கற காத்தழுத்தம் தண்ணி கணக்குல பத்து மீட்டருக்கு மேல, 1033 சென்டிமீட்டர். அதுல 25 எவ்வளவு? ரெண்டர பர்சென்ட் கூட இல்ல. இந்த இஞ்சினுக்கு கம்பெனி குடுத்த பவர் 160. வழில இருக்கற தடை மொத்தத்தையும் மந்திரம் போட்டு காணாம ஆக்குனா கூட நாலு ஹார்ஸ்பவர் தான் ஏறும். நீங்க மீட்டர அப்படியே விட்டுட்டு ஃபில்டர மட்டும் மாத்தி 25 எங்க இருந்து கொண்டு வருவீங்க?

சீரிஸ் 4-ல இதே இஞ்சின் 146 தான் குடுத்துச்சு. அத 160 ஆக்க மாஸ்டா இஞ்சினியருங்க ரோட்டர வெயிட் கொறைச்சு, கம்ப்ரஷன 9.4-ல இருந்து 9.7-க்கு ஏத்தி, இன்டேக் மேனிஃபோல்ட விடிஐ வெச்சு புதுசா பண்ணி, ஏர் மீட்டரையும் மாத்துனாங்க. இவ்வளவும் பண்ணி 14. நீங்க ஒரு ஃபில்டரும் ஒரு ஹோஸும் வெச்சு 25-ன்னு எழுதுறீங்க, எழுதுன ஆளுக்கு கை கூசல போல.

ஏறல, அது கூட பரவால்ல. எறங்கிருக்கு. ரோட்டரில இன்டேக்கும் எக்ஸாஸ்டும் இஞ்சினோட ஒரே பக்கம், எக்ஸாஸ்ட் சூடு பிஸ்டன் இஞ்சின விட ஜாஸ்தி. ஒரிஜினல் ஏர்பாக்ஸ் முன்னாடி இருந்து வெளிக்காத்த எடுக்குது, மூடுன பெட்டி. உங்க ஃபில்டர் பானெட்டுக்குள்ள அம்மணமா ஒக்காந்துகிட்டு, அடுப்படில நின்னு மூச்சு வாங்குற மாதிரி சூட்டுக் காத்தயே இழுக்குது. "ஹீட் ஷீல்டு"ன்னு ஒரு தகரம் வந்துச்சு, பானெட்டுல போய் ஒட்டல, ஓரத்துல ரப்பரும் இல்ல, மேலயும் பக்கத்துலயும் தொறந்து கெடக்கு. ஃபில்டருக்குள்ள ப்ரோப் போட்டு பாத்தேன், வெளிய 25 டிகிரி, ட்ராஃபிக்ல நின்னு கெளம்பும்போது உள்ள 60. காத்தோட அடர்த்தி அதுல பத்து பர்சென்ட் போச்சு. ஓட ஓட கொறையும், ஒத்துக்கறேன், ஆனா ஏர்பாக்ஸோட இருந்த அளவுக்கு ஒரு தடவ கூட எறங்கல. டைனோல (சக்கரத்துக்கு வந்து சேர்ற பவர அளக்கறது) அதே மிஷின், அதே ஆப்பரேட்டர், வீல்ல முன்னாடி 129, உங்க கிட்டோட 124. ரெண்டு சார்ட்டும் இதோட அட்டாச் பண்ணிருக்கேன். சத்தம் மட்டும் நல்லா வருது, அத மறைக்கல, ரோட்டரி இழுக்கற சத்தம் கேட்டா யாருக்கும் வேகமா போற மாதிரி தான் தோணும். உங்க "கஸ்டமர் ரிவ்யூ" எல்லாம் அந்த சத்தத்துக்கு குடுத்த ஸ்டார் தான்னு நெனைக்கறேன்.

பெட்டி மேல மாஸ்டாவோட 787பி ரேஸ் கார் படம் வேற. அந்த கார் 1991-ல லெ மான்ஸ் ஜெயிச்சது, அந்த ரேஸ்ல ஜெயிச்ச மொதல் ஜப்பான் கார், நாலு ரோட்டர் ஆர்26பி இஞ்சின். அதுல இன்டேக் விஷயமே என்னன்னா, காத்து இழுக்கற ட்ரம்பெட் குழாயோட நீளம் ஆர்பிஎம்முக்கு தகுந்த மாதிரி ஓடும்போதே கூடி கொறையும், எல்லா வேகத்துலயும் காத்தோட அலை சரியான நேரத்துக்கு போர்ட்டுக்கு வந்து சேரணும்னு. அதுக்கும் இந்த தகரத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரு ரோட்டரி ரசிகனா சொல்றேன், அந்த படத்த எடுங்க.

எனக்கு வேண்டியது இதுதான். கிட்டோட முழு விலை, நான் குடுத்த ஷிப்பிங், திருப்பி அனுப்பற ஷிப்பிங் எல்லாம் உங்க செலவுல. 20 பர்சென்ட் "ரீஸ்டாக்கிங் ஃபீஸ்" கழிப்போம்னு சொன்னத ஏத்துக்க முடியாது, தப்பான சாமான அனுப்புனது நீங்க. உங்க பக்கத்துல சீரிஸ் 4-க்கும் 5-க்கும் தனித்தனியா போடுங்க, ஸ்மாக் லீகல்னா நம்பர போடுங்க இல்ல அந்த வார்த்தைய எடுங்க, 25-ன்னு எழுதணும்னா எந்த டைனோல எந்த காருல வந்துச்சுன்னு சார்ட்ட போடுங்க. ஏர் பம்ப்ப கழட்ட சொல்லி சீரிஸ் 5 காரனுங்க வேற யாருக்காவது மெயில் போட்டிருந்தா அவங்களுக்கு இன்னைக்கே ஒரு திருத்தம் அனுப்புங்க, பணத்த விட அது அவசரம்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வரலன்னா கிரெடிட் கார்டு கம்பெனில டிஸ்ப்யூட் போடுவேன், பேப்பர் எல்லாம் ரெடி. என் காருல ஒரிஜினல் ஏர்பாக்ஸ் திரும்ப மாட்டியாச்சு, புது பேப்பர் ஃபில்டர் போட்டாச்சு, ஐடில் சரியா நிக்குது. உங்க கிட்டு மொத்தத்தையும் பெட்டி கட்டி வெச்சிருக்கேன், ஷிப்பிங் லேபிள் அனுப்புங்க. ஹோஸ் கிழிஞ்சு தான் இருக்கும், அத சாக்கா வெச்சு பணத்த கழிக்காதீங்க.

இப்படிக்கு,
உங்க தம்பி பேச்ச நம்பி வாங்குன கஸ்டமர்
(ஆர்டர் நம்பர், பில், டைனோ சார்ட், உங்க சப்போர்ட் மெயில் எல்லாம் அட்டாச்மென்ட்ல)